அண்டாவில் வெட்டியிருந்த பெயர்

அப்பா காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன அன்றைக்குச் சாயங்காலம் அம்மா ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே சில வீட்டு வரி ரசீதுகள், ஒரு கூட்டுறவு சங்கப் பாஸ் புத்தகம், கரண்ட் அட்டை, அப்பாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ். இவ்வளவுதான். "ஒத்தப்பனைச் செய்யி உங்கப்பத்தா வாங்குனது. பத்திரம் எங்க போச்சுன்னே தெரியல. உங்கப்பா பாக்கணும் பாக்கணும்னே இருந்துட்டாரு. நீயாச்சும் என்னன்னு பாரு தாயி" என்றாள்.

எங்கள் ஊர் சிவகங்கைச் சீமையில் ஒரு சின்னக் கிராமம். தொண்ணூறு வீடு இருந்தால் அதிகம். ஒரு கண்மாய், ஓர் ஆரம்பப் பள்ளி, ஒரு ரேஷன் கடை. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், வருடத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருவேன். அந்த நிலம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், சின்ன வயதில் அங்கே நுங்கு சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அது எந்தச் சர்வே எண், யார் பெயரில் இருக்கிறது, அப்பத்தா எந்த வருடம் வாங்கினாள், ஒன்றுமே தெரியாது. பட்டா, ஊரில் எந்த நிலம் யார் பெயரில் என்று எழுதியிருக்கிற அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதைத் திறப்பதற்கு முதலில் உங்கள் கையில் ஓர் எண் இருக்க வேண்டும். கிராமத்தில் யாரிடமும் அந்த எண் இருக்காது. அவர்களிடம் இருப்பது நிலத்தின் பெயர். ஒத்தப்பனைச் செய், கோயில் மேடு, நடுமடைச் செய், இப்படித்தான்.

அந்தப் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுத்தவர் எங்கள் ஊர்த் தலையாரி, அதாவது கிராம உதவியாளர். கிராம நிர்வாக அலுவலருக்கு இரண்டு மூன்று ஊர்ப் பொறுப்பு, எல்லா நாளும் எங்கள் ஊரில் உட்கார முடியாது. தலையாரி உள்ளூர்க்காரர். "ஒத்தப்பனையா? அது நூத்தி நாப்பத்து மூணுல வரும் தாயி" என்று யோசிக்காமல் சொன்னார். அப்புறம் கிராம வரைபடத்தை விரித்து, கண்மாய்க் கரையிலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே போய் அந்தக் கட்டத்தின் மேல் வைத்தார். கிராமத்தில் ஆவணம் தேடுகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இந்த மாதிரி ஒரு மனிதரிடம்தான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

எண் கிடைத்ததும் போனிலேயே அ-பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 143ல் உட்பிரிவு 2ஏ, 0.45.5 ஹெக்டேர், நஞ்சை. பட்டாதாரர் பெயர் எங்கள் பங்காளி வீட்டுச் சின்னத்தாத்தா பெயர். அவரும் இப்போது இல்லை.

சண்டைக் கதை எதிர்பார்க்கிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், சண்டை எதுவும் இல்லை. அன்றைக்கு ராத்திரியே அவர் மகன் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். எனக்கு அவர் சித்தப்பா முறை. "அது எங்க பெரியம்மா நெலம்னு அப்பா எப்பவும் சொல்லுவாரு. வாரத்துக்கு, வெளைச்சல்ல பங்குக்கு உழுதுக்கிட்டிருந்தோம், அளக்க வந்தவன் எங்கப்பா பேரை எழுதிட்டுப் போய்ட்டான்" என்றார். வேண்டுமென்றால் நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னார். அப்படி எழுதி வாங்கியிருந்தால் வேலை ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். எனக்கு அது ஒப்பவில்லை. அப்படிச் செய்தால், அந்த நிலத்தைச் சித்தப்பா குடும்பம் எங்களுக்குக் கொடுத்ததாகத்தான் காகிதம் பேசும். புருஷனை இருபத்தேழு வயதில் பறிகொடுத்துவிட்டு, நாற்று நட்டும் களை பறித்தும் மூன்று பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண் காசு சேர்த்து வாங்கிய நிலம் அது என்பதற்கு எங்கேயும் ஒரு வரி இருக்காது. அந்த ஒரு வரி எனக்கு வேண்டும் என்று தோன்றியது. சித்தப்பாவிடம் சொன்னேன், அவருக்கும் புரிந்தது.

இப்போது அடுத்த சிக்கல். அப்பத்தாவின் பெயர் என்ன?

இதை எழுதும்போது இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஊரில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களைப் பிறந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். அம்மா கல்யாணம் ஆகி வருவதற்கு முன்பே அப்பத்தா போய்விட்டாள். அப்பா ஒரு பெயர் சொல்லுவார், அதைத்தான் நாங்கள் எல்லாரும் அவள் பெயர் என்று நினைத்திருந்தோம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் முதல் தடவை தேடச் சொன்னபோது ஒன்றும் அகப்படவில்லை.

அப்புறம் ஒருநாள் அம்மா பரணிலிருந்து பொங்கலுக்குப் பித்தளை அண்டாவை இறக்கினாள். புளி போட்டுத் தேய்த்தபோது விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள் இல்லையா, அதுதான். அப்பா சொன்ன பெயருக்கு முன்னால் "பெரிய" என்று ஒரு சொல் இருந்தது. கூடப் பிறந்தவளுக்கு அதே குலதெய்வப் பெயரைச் "சின்ன" சேர்த்து வைத்திருந்தார்கள், அவள்தான் இன்னும் உயிரோடு இருக்கிற எங்கள் சின்னப்பத்தா. கூப்பிடக் கூப்பிட "பெரிய" தேய்ந்து விழுந்திருக்கிறது. பெயர் அட்டவணையில் எழுத்து வரிசைப்படி தேடுகிறவர்களுக்கு அது சாதாரண வித்தியாசம் இல்லை, நாங்கள் தேடியது வேறு ஓர் எழுத்தின் பக்கம். ஆகவே யாராவது பழைய தலைமுறைப் பெண்களின் பெயரில் ஆவணம் தேடினால் தயவுசெய்து பாத்திரங்களைப் பாருங்கள். கோயிலில் வாங்கிக் கொடுத்த மணி, குத்துவிளக்கு, உண்டியல் எல்லாவற்றையும் பாருங்கள். எங்கள் அப்பத்தாவின் முழுப் பெயர் ஊரில் எழுத்தாக இருந்த ஒரே இடம் அந்த அண்டா.

பெயர் கிடைத்த பிறகு வருடம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம், அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தால் எங்கள் பகுதிக்கு 1975க்கு அந்தப் பக்கம் போகவில்லை. அதற்கு முந்தையதைப் பார்க்க வேண்டும் என்றால் அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பழைய அட்டவணைப் புத்தகங்களில் கையால் தேட வேண்டும், எத்தனை வருடத்துக்குத் தேடுகிறார்களோ அத்தனை வருடத்துக்குக் கட்டணம். அதனால் வருடத்தைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு போவது நல்லது. எங்கள் ஊரில் தேதி கேட்டால் யாருக்கும் தெரியாது, நிகழ்ச்சி கேட்டால் எல்லாருக்கும் தெரியும். "தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டேன். "முன்னாடிதான். ஒங்கப்பன் அஞ்சாப்பு படிச்சுக்கிட்டிருந்தான்" என்று பதில் வந்தது. புயல் 1964 டிசம்பர். அப்பா ஐந்தாம் வகுப்பு எந்த வருடம் என்பதற்குப் பள்ளிக்கூடம் போனேன். சேர்க்கைப் பதிவேட்டின் பழைய புத்தகங்கள் பீரோவில் பத்திரமாக இருந்தன. தலைமை ஆசிரியர் பொறுமையாகத் தேடிக் கொடுத்தார். 1960-61. பிதா பெயர் என்ற இடத்தில் தாத்தா பெயரும், பக்கத்தில் "காலஞ்சென்ற" என்றும் இருந்தது. தாத்தா எப்போது தவறினார் என்பதற்கும் ஓர் எல்லை இப்படிக் கிடைத்தது.

ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டாம் தடவையும் "இல்லை" என்றுதான் வந்தது. இங்கேதான் நான் ஏறக்குறைய விட்டுவிடலாம் என்று நினைத்தேன். வெளியே ஒரு மரத்தடியில் டேபிள் போட்டு உட்கார்ந்திருந்த வயதான பத்திர எழுத்தர் ஒருவர்தான் கூப்பிட்டு விசாரித்தார். "நீங்க சொல்ற வருஷத்துல இந்த ஆபீஸே கிடையாதும்மா. உங்க ஊரு அப்ப வேற சப் ரிஜிஸ்டரார் ஆபீஸ்ல இருந்துச்சு. பழைய புக்கு அங்கதான் இருக்கும்" என்றார். உள்ளே யாரும் இதைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், "இல்லை" என்பது அவர்கள் புத்தகத்தைப் பொறுத்தவரை சரியான பதில்தான். ஆனால் ஒரு கிராமத்துக்காரர் வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, இந்த "இல்லை"யைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனால் அவர் அந்த ஜென்மத்துக்கும் மறுபடி வர மாட்டார். இங்கே இல்லை, அங்கே இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வதற்கு என்ன செலவு? எனக்கு இதில் இன்னும் கோபம் இருக்கிறது.

பதிவு அலுவலகப் புத்தகங்களைப் பற்றி இதற்குள் கொஞ்சம் படித்துக்கொண்டேன். சொத்துப் பத்திரங்கள் நகலெடுக்கப்படுவது முதலாம் புத்தகத்தில். உயில் மூன்றாம் புத்தகம். முதலாம் புத்தகத்துக்குப் பெயர் வாரியாக ஓர் அட்டவணை, சொத்து வாரியாக ஓர் அட்டவணை. 1908ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டுகிற யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சொல்கிறது. "நீங்க யாரு, எதுக்குப் பாக்கணும், வீட்டுல ஆம்பள யாரும் வரலையா" என்று கேட்டவர்களிடம் இந்தப் பிரிவைச் சொன்னேன். உயிலுக்கு இது பொருந்தாது, அதற்கு யார் நகல் வாங்கலாம் என்பதில் கட்டுப்பாடு உண்டு.

அந்தப் பழைய அலுவலகத்தில் பெயரைச் சரியாகவும் வருடத்தை 1959 முதல் 1964 வரை என்றும் எழுதிக் கொடுத்த பதினோராவது நாள் போன் வந்தது. 1961. கிரயப் பத்திரம்.

நகலை வாங்கி அங்கேயே சுவர் ஓரம் நின்று படித்தேன். அந்தக் காலத்தில் பத்திரத்தைப் புத்தகத்தில் கையால்தான் பார்த்து எழுதியிருக்கிறார்கள், சாய்வான எழுத்து, ஒரு அடித்தல் இல்லை. "இராமநாதபுரம் ஜில்லா" என்று தொடங்குகிறது. தாத்தா பெயரை எழுதி "மனைவி" என்று போட்டு, அதற்கு அப்புறம் அண்டாவில் இருந்த அதே முழுப் பெயர். ரொக்கம் ரூபாய் 450. "இன்று முதல் நீரே புத்திர பவுத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது." எல்லாப் பத்திரத்திலும் வருகிற வாசகம்தான், அதை எழுதியவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழுதியிருப்பார். ஆனால் கையெழுத்துப் போடத் தெரியாத எங்கள் அப்பத்தாவைப் பார்த்து அது சொல்லப்பட்டிருக்கிறது, "நீரே" என்று. நான் அழுதுவிட்டேன்.

பத்திரத்தில் நான்கெல்லை படிப்பதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். "கண்மாய் வாய்க்காலுக்கு மேற்கு, ஒத்தப்பனை வரப்புக்குத் தெற்கு" என்று எழுதியிருந்தால், வாய்க்கால் நம் நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது என்று அர்த்தம், வரப்பு வடக்கே. நான் முதலில் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஒரு நாள் முழுக்கத் தப்பான வயலில் நின்றுகொண்டிருந்தேன். தலையாரிதான் வந்து திருப்பி விட்டார்.

பத்திரம் கிடைத்தால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்ததாக, நாங்கள்தான் வாரிசு என்று காட்ட அப்பத்தாவின் இறப்புச் சான்று வேண்டும் என்றார்கள். ஊரில் யாருமே அந்தக் காலத்தில் இறப்புச் சான்று வாங்கி வைத்ததில்லை. ஆனால் வாங்கி வைக்காததால் பதியவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அப்போது கிராம முன்சீப்தான் பிறப்பு இறப்புப் பதிவாளர், எங்கள் பக்கம் மணியம் என்போம். சாவு விழுந்த வீட்டிலிருந்து ஆள் அனுப்பாவிட்டாலும் அவருக்குத் தெரிந்துவிடும், பறைச் சத்தம் அவர் வீட்டுக்கும் கேட்கும் இல்லையா. எழுதி வைத்துவிடுவார்.

வருடத்தைச் சின்னப்பத்தாதான் சொன்னாள். அவளுக்கு எண்பத்தெட்டு வயதாகிறது, கண் பார்வை குறைந்துவிட்டது, ஞாபகம் குறையவில்லை. "எம்ஜியார் மொதத் தடவ செயிச்சாருல்ல, அதுக்கு அடுத்த மாசி. சிவராத்திரிக்கி எல்லாரும் கோயிலுக்குப் போக முடியாமப் போச்சு, தீட்டு. சந்தைநாளு. சந்தைக்குப் போனவுகளத் திருப்பிக் கூட்டியாந்தாக." எம்.ஜி.ஆர். முதல்வரானது 1977 ஜூன். அப்படியானால் 1978 பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கம். எங்கள் பக்கத்துச் சந்தை ஞாயிற்றுக்கிழமை.

கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த வருடப் புத்தகம் இல்லை, தாலுகா அலுவலகத்துக்குப் போயிருக்கும் என்றார். தாலுகாவில் இல்லை, கடைசியில் பழைய கிராமப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளும் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் இருந்தன. அதே கட்டடத்துக்குத்தான் அதற்குள் நான்கு தடவை போய் வந்திருந்தேன். 1978 பிப்ரவரி 19. வீட்டுக்கு வந்து பழைய காலண்டரைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன ஒரு சந்தை நாளைச் சின்னப்பத்தா அப்படியே வைத்திருந்திருக்கிறாள்.

எனக்கு இன்னொன்றும் தெரிந்துகொள்ள ஆசை இருந்தது. அப்பத்தா எதனால் செத்துப்போனாள்? காய்ச்சல் என்றுதான் வீட்டில் சொல்லுவார்கள். பதிவேட்டில் இறப்புக் காரணம் என்று ஒரு கலம் உண்டு. ஆனால் கொடுக்கிற சான்றில் அது வராது. 1969ஆம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே, பதிவேட்டில் தேடச் சொல்லிச் சான்று வாங்க யாருக்கும் உரிமை உண்டு, ஆனால் இறப்புக் காரணத்தைச் சான்றில் வெளியிடக் கூடாது என்கிறது. காரணம் புரிகிறது. மற்றவர்களின் நோயை ஊரார் தோண்டிப் பார்க்கக் கூடாதுதான். எழுத்தர் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பார்த்து எழுதும்போது நான் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன், எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவது, வருவாய்த்துறைப் பதிவேடுகள். இதில்தான் அதிக நாள் போனது.

எங்கள் ஊர் ஜமீன் ஊர். 1948ஆம் வருட எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் சர்க்கார் நேரடியாக அளந்து, யார் யார் நிலம் என்று செட்டில்மென்ட் பதிவேடு எழுதினார்கள். அதற்கு அப்புறம் பெரிய அளவில் எல்லாவற்றையும் திரும்ப எழுதியது யுடிஆர் என்று எல்லாரும் சொல்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், 1979 ஜூனில் தொடங்கி 1987 ஏப்ரல் வரை நடந்தது. ஏக்கர், செண்டு எல்லாம் ஹெக்டேர், ஏர் ஆனது அப்போதுதான். பத்திரத்தில் இருக்கிற 1 ஏக்கர் 12 செண்டுதான் பட்டாவில் 0.45.5 ஆக இருக்கிறது. இந்த வருடங்களை அப்பத்தா இறந்த தேதியோடு சேர்த்துப் பார்த்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. அவள் 1978ல் போய்விட்டாள். அப்பா அப்போது மதுரையில் மில் வேலையில் இருந்தார், பெரியப்பாக்கள் இருவரும் வடக்கே. அளக்க வந்தவர்கள் வயலில் யார் உழுதுகொண்டிருந்தாரோ அவரைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். சின்னத்தாத்தா பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. "யாருய்யா உழுகிறது" என்று கேட்டால் "நான்தான்" என்று சொல்லியிருப்பார். தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்கு இப்படி ஆகியிருக்கிறது, ஊருக்கு நாலு பேராவது யுடிஆர் தப்பு என்று மனுவோடு அலைகிறார்கள்.

அந்தத் திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே இன்னொரு பெரிய மாற்றமும் நடந்தது. 1980 நவம்பர் 14ஆம் தேதி பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை), மணியம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. அந்தப் பதவிகள் ஒழிந்தது நல்லதுதான், ஓர் ஊரின் நிலக்கணக்கு ஒரு குடும்பத்தின் கைப்பிடிக்குள் இருப்பது நியாயம் இல்லை. ஆனால் கணக்குகள் கைமாறிய அந்தச் சமயத்தில் பல ஊர்களில் கட்டுகள் சிதறிப்போயின என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை வீட்டுப் பேரன் ஒருவர் இன்னும் ஊரில் இருக்கிறார். தயக்கத்தோடுதான் போய்க் கேட்டேன். அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார், யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு தீர்வை (நிலவரி) என்று தாத்தா சொந்த உபயோகத்துக்கு எழுதி வைத்த சிட்டாக் குறிப்புகள், செல்லரித்துப் பாதி. பசலி 1376 என்று போட்ட ஒரு தாளில் அப்பத்தா பெயரும் தீர்வைத் தொகையும் இருந்தன. சட்டப்படி அதற்கு மதிப்பு கிடையாது. ஆனால் அரசாங்கக் கணக்கிலும் அவள் பெயர் இருந்திருக்க வேண்டும், எங்கேயோ இருக்கிறது என்ற தைரியம் அந்தத் தாளைப் பார்த்துத்தான் வந்தது.

பசலி என்றால் என்ன என்று தெரியாமல் பலர் திகைத்துப் போகிறார்கள். ஒன்றும் இல்லை, 590 கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1376 என்றால் 1966 ஜூலை முதல் 1967 ஜூன் வரை. கிராமக் கணக்கு எல்லாம் இந்தக் கணக்கில்தான். எந்த வருடம் யார் என்ன பயிர் வைத்தார்கள் என்று எழுதுகிற அடங்கல் 2ஆம் நம்பர் கணக்கு, சிட்டா 10ஆம் நம்பர் கணக்கு. மனுவில் இந்த எண்களையும் பசலியையும் எழுதினால் வாங்குகிறவரின் முகமே மாறுவதைப் பார்த்தேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான் போட்ட முதல் மனு வீணாகப் போனது என் தப்பால்தான். "எங்கள் அப்பத்தாவின் நிலம் ஏன் வேறொருவர் பெயருக்கு மாற்றப்பட்டது?" என்று கேட்டிருந்தேன். அந்தச் சட்டத்தில் நாம் வாங்க முடிவது அவர்களிடம் இருக்கிற ஆவணம், விளக்கம் இல்லை. இரண்டாம் தடவை, இன்ன கிராமம், புல எண் 143, செட்டில்மென்ட் பதிவேட்டின் அந்தப் பக்கத்தின் நகல், யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் அந்தப் பக்கத்தின் நகல் என்று மட்டும் எழுதினேன். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, கூடவே பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்றும் கேட்டேன், அதற்கும் சட்டத்தில் உரிமை இருக்கிறது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்தது, "கிராமப் பதிவுகளில் இல்லை" என்று. மேல்முறையீடு செய்தேன். இதற்குள் மாவட்டத்தின் கதையும் தெரிந்திருந்தது. எங்கள் பகுதி 1910 முதல் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம், அதன் தலைமையிடமோ மதுரையில் இருந்தது. 1985ல் மூன்றாகப் பிரித்தபோது எங்கள் பக்கம் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் ஆனது, 1997ல்தான் சிவகங்கை மாவட்டம் என்று பெயர் வந்தது. ஒரே ஊரின் காகிதம் மூன்று மாவட்டப் பெயரில் கட்டப்பட்டிருக்கும். மேல்முறையீட்டில் இந்தப் பெயர்களை எல்லாம் எழுதி, மாவட்டப் பதிவறையிலும் தேட வேண்டும் என்று கேட்டேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை பார்வையிட அழைத்தார்கள். பதிவறையில் இருந்த ஊழியர் ஒரு பெண், என்னைவிட வயது குறைவு. சிவப்புத் துணியில் கட்டிய கட்டு ஒன்றைப் பிரித்து, தூசு தட்டி, எங்கள் கிராமத்தை எடுத்து, 143 இருக்கிற பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு "இந்தப் பேருதானே அக்கா" என்று கேட்டார். யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேடு. 143/2, நஞ்சை, 1.12, பட்டாதாரர் கலத்தில் "பெரிய" என்று தொடங்குகிற அந்தப் பெயர், முழுதாக. நகல் எடுத்து முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்.

பட்டா திருத்தத்துக்கு மனுப் போட்டாகிவிட்டது. சித்தப்பாவும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கூடவே வந்தார். விசாரணைக்கு நோட்டீஸ் வரும் என்றார்கள்.

ஊருக்குப் போனபோது பத்திர நகலைச் சின்னப்பத்தாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து கேட்டாள். நான்கெல்லை வந்தபோது, நான் படிக்கும் முன்னாலேயே அவளே வரப்பையும் வாய்க்காலையும் சொல்லிக்கொண்டு வந்தாள். ரொக்கம் ரூபாய் 450 என்று படித்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"அதுல நூத்தம்பதுதான் எங்கக்கா சேத்தது."

மிச்சம்?

வளர்த்துத் தொங்கிக்கொண்டிருந்த காது மடலை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள். "என்னோட தண்டட்டி. மானாமதுரைல வித்தோம். அவ திருப்பித் தாரேன் தாரேன்னா, நான்தான் வேணாம்னுட்டேன்."

நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதை அவள் சொன்னபடியே எழுதி, தேதி போட்டு, கீழே அவள் பெயரை எழுதினேன். "சின்ன" என்பதை விடாமல். அவள் கைநாட்டையும் வாங்கி, பத்திர நகலோடு சேர்த்து மஞ்சப்பையில் வைத்திருக்கிறேன்.